ஆலய நிலமும் நீதிமன்றத் தீர்ப்புகளும்

ராசா, பத்தாங்காலி, கோல சிலாங்கூர் வட்டாரங்களில் நாம் வழிபடும் ஆலயங்கள் பல, தோட்டத்து ஆலயங்களாகத் தோன்றியவை. பால்மரம் வெட்டிய நம் முன்னோர் லயத்துக்கு அருகே சூலம் நட்டு, தகரக் கூரை போட்டு, சம்பளத்தில் பணம் பிடித்துக் கொடுத்து வளர்த்தவை. தோட்டத்துத் துரை வாய்மொழியாகச் சம்மதித்தார். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று துரையும் இல்லை, பல இடங்களில் தோட்டமும் இல்லை. நிலம் கைமாறி மேம்பாட்டாளரிடம் சேர்ந்தபின் வழக்கறிஞர் கடிதம் வருகிறது. "நூறு வருஷக் கோயில் ஐயா, எப்படி எடுக்க முடியும்?" என்பதே நம்மவர்களின் முதல் கேள்வியாக இருக்கிறது.

ஆண்டுக் கணக்கு நிலவுரிமை தராது. பன்னிரண்டு ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தால் நிலம் நமதாகிவிடும் என்ற எண்ணம் இந்தியச் சட்டத்தை ஒட்டியது. மலேசிய நிலைமை வேறு. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டோரன்ஸ் பதிவு முறையே நம் தேசிய நிலச் சட்டத்தின் அடிப்படை. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். அச்சட்டத்தின் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தை எவ்வளவு காலம் அனுபவித்தாலும் உரிமை பிறக்காது என்கிறது. தனியார் நிலத்துக்கு 341ஆம் பிரிவு அதையே சொல்கிறது.

நீதிமன்றங்களும் இவ்வழியே சென்றுள்ளன. 1982இல் சீடேக் என்பார் பேராக் அரசின் மீது தொடுத்த வழக்கில், அனுமதியின்றிக் குடியேறியோருக்குச் சட்டப்படியும் உரிமை இல்லை, நியாய முறையிலும் உரிமை இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடுமையான தீர்ப்புதான். ஆனால் 1991இல் பொகாரி என்பார் சிலாங்கூர் நில, கனிம இயக்குநரை எதிர்த்த வழக்கில், அப்போதைய உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. வெறுமனே அத்துமீறி நுழைந்தவர் வேறு. நிலத்துக்கு உரியவரின் அனுமதியையோ ஊக்கத்தையோ நம்பி இருந்தவர் வேறு. பின்னவரைச் சுருக்கமான வெளியேற்ற நடைமுறையால் உடனே அகற்றிவிட முடியாது. அவர் தரப்பை முழுமையாக விசாரிக்க வேண்டும்.

நம் ஆலயங்களுக்கு வாசல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். எனவே தோட்ட நிர்வாகம் எழுதிய பழைய கடிதம், தண்ணீர், மின்சாரம் தந்ததற்கான சீட்டு, திருவிழாவுக்குக் கொடுத்த நன்கொடையின் ரசீது, கிராணி கைப்பட எழுதிய குறிப்பு எதையும் குப்பையில் போடாதீர்கள். கும்பாபிஷேக மலரைவிட நீதிமன்றத்தில் அதிகம் பேசக்கூடியது அந்த மஞ்சள் படிந்த காகிதம்தான்!

சீபீல்டு மாரியம்மன் ஆலய விவகாரத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே நிர்வாக உரிமைக்காக இரு தரப்பினர் மோதிக்கொண்டிருந்தனர். 2014 மார்ச்சில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்புப் பதிவாகி, ஆலயம் வேறிடம் மாறுவதாக ஏற்பாடாயிற்று. இணக்கத் தீர்ப்பும் தீர்ப்பே. வஞ்சகம் போன்ற காரணத்தை நிரூபித்தாலன்றி அதை விலக்க இயலாது. ஆனால் அதைப் பக்தர்களில் ஒரு பகுதியினர் ஏற்கவில்லை. 2018 நவம்பரில் நடந்த கலவரத்தில் காயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் உயிரிழந்தார். கையெழுத்திடுமுன் பொதுக்கூட்டம் கூட்டி, நிபந்தனைகளைத் தமிழில் வாசித்துக் காட்டுவது எவ்வளவு அவசியம் என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கேள்வி, கிடைக்கும் நிலம் யார் பெயரில் இருப்பது என்பது. 1925இல் கல்கத்தா வழக்கொன்றில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், இந்துத் தெய்வத்தைச் சட்டப்படியான ஆளாக ஏற்றது. நம் நிலச் சட்டத்தின் 43ஆம் பிரிவிலோ நிலம் வைத்திருக்கத் தகுந்தோர் பட்டியலில் அம்மனுக்கு இடமில்லை. தலைவரின் சொந்தப் பெயரில் வாங்கினால், அவர் காலத்துக்குப் பின் அவர் பிள்ளைகளிடம் கெஞ்ச நேரும். 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, சங்கத்தின் பெயரிலோ அறங்காவலர் பெயரிலோ பதிவதே முறை. மாநில அரசு 62ஆம் பிரிவின்கீழ் வழிபாட்டுத் தலத்துக்கென நிலத்தை ஒதுக்கி அரசாணையில் வெளியிடுவது இன்னொரு நல்ல வழி. தற்காலிக உரிமமான டி.ஓ.எல். அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதை நம்பி மண்டபம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நன்கொடையாளர்களுக்கும் இதில் பங்குண்டு. திருப்பணிக்குக் காசோலை எழுதுமுன் நிலப் பட்டாவின் நகலைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. அறக்கட்டளைப் பணமோ சொத்தோ தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிந்தால், 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டம், 9ஆம் பிரிவு வழி காட்டுகிறது. அந்த அறத்தில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, அரசாங்கத் தலைமை வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வமான இசைவைப் பெற்று உயர்நீதிமன்றத்தை நாடலாம். இசைவு முதலில், வழக்கு பிறகு.