கிவ்சனா, கிப்சனா: கிட்டாரும் ஆம்ப் இரைச்சலும்

எலக்ட்ரிக் கிட்டார் எந்த மாடல் என்று அறிய, அதன் தலையில் உள்ள பெயரைக் கடைசியில் படிப்பதே நல்லது. ஸ்டிக்கரை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கொல்கத்தாவின் கிவ்சனுக்கும் அமெரிக்காவின் கிப்சனுக்கும் பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். மேடைக்குக் கீழே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் சென்னை ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசித்தவர். அவர் பாட்டை எடுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு, வீரபாண்டி சித்திரைத் திருவிழா மேடையானாலும் கம்பத்துக் கல்யாண மண்டபமானாலும், கிட்டார் இல்லாமல் முடியாது. அந்தக் கிட்டார் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களில் ஒன்றின் சாயலில் இருக்கும்.

ஃபெண்டர் சாயல் என்றால் ஆறு முறுக்காணிகளும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். பின்புறம் திருப்பினால், கழுத்தை உடலோடு சேர்க்கும் உலோகத் தகட்டில் நான்கு ஸ்க்ரூ தெரியும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு இரண்டு கொம்பு, மூன்று ஒல்லியான பிக்கப். கேபிள் செருகும் இடம் முகப்பிலேயே படகு போன்ற தகட்டுக்குள் இருக்கும். அதற்கு மூத்த டெலிகாஸ்டருக்குக் கொம்பு ஒன்று, பிக்கப் இரண்டு, கேபிள் விளிம்பில். கிப்சன் சாயலில் முறுக்காணிகள் பக்கத்துக்கு மூன்று; கழுத்து பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் பின்னால் ஸ்க்ரூ இருக்காது. லெஸ் பால் (1952) தடித்த உடல், ஒற்றைக் கொம்பு. எஸ்ஜி (1961) மெல்லிய உடல், கூர்மையான இரட்டைக் கொம்பு.

கண்ணில் சந்தேகம் தீராவிட்டால் டேப்பை எடுக்கலாம். தலையோரத்து நட்டிலிருந்து 12வது ஃப்ரெட் வரை அளந்து இரட்டித்தால் ஃபெண்டரில் 25.5 அங்குலம் வரும், கிப்சனில் 24.75 அங்குலத்தை ஒட்டி வரும். இதில் மாடல் தெரியுமே தவிர, செய்தவர் தெரியாது. அதற்குச் சீரியல் எண்தான். ஸ்குவையர் என்றிருந்தால் போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. அது ஃபெண்டரின் சொந்த மலிவு ரகம். கிப்சனுக்கு எபிஃபோன் அப்படி.

மாடலைத் தெரிந்துகொண்டால் ஆம்ப் ரிப்பேரில் பாதி வேலை முடியும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (ஸ்ட்ராட்) உள்ள ஒற்றைச் சுருள் பிக்கப், சுற்றிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ரீங்காரத்தையும் சேர்த்து இழுக்கும். டியூப்லைட் பக்கத்தில் ஸ்ட்ராட் 'உம்ம்' என்றால், கிட்டாரோடு சற்றுத் திரும்பி நின்று பார்க்க வேண்டும். சத்தம் குறைந்தால் ஆம்ப்பில் கோளாறு இல்லை. லெஸ் பாலில் உள்ள ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிராக வேலை செய்து அந்த ரீங்காரத்தை அடித்துவிடும். அதிலும் உம்மென்றால் கேபிளையும் எர்த்தையும் பார்க்கலாம். இரைச்சல் போக எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் சில மேடைகளில் உண்டு. மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிப்பது அதனால்தான்.

வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. ஆடிக்காற்று வீசும் கம்பம் பள்ளத்தாக்கில் இது சாதாரணம். கரண்டைப் பிடுங்கிவிட்டு, காண்டாக்ட் கிளீனரைச் சிறிது அடித்து, இருபது முறை இருபுறமும் திருகினால் போதும். மெஷின் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிச் சேறாகும்.

சத்தமே வராவிட்டால் முதலில் வேறு கேபிள். பின்பக்கம் செண்ட், ரிட்டர்ன் என்று துளைகள் இருந்தால் அவற்றைச் சிறிய கேபிளால் இணைக்கலாம். சத்தம் திரும்பினால் ரிட்டர்ன் ஜாக்கில் அழுக்கு. ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால் கூம்பு 'டப்' என்று துள்ள வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மல்ட்டிமீட்டரில் 6 அல்லது 7 காட்டுவது சரியே. ஃப்யூஸ் போயிருந்தால் அதே அளவில்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டி ஜரிகைத் தாள் சுற்றினால் அடுத்துப் போவது டிரான்ஸ்ஃபார்மர். புது ஃப்யூஸும் உடனே போனால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். வால்வ் ஆம்ப் என்றால் மூடியையே திறக்கக் கூடாது. கரண்டைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்சர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும்.