முதலில் பேட்டரியின் பெயரைப் படியுங்கள்

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "பேட்டரி முழுவதும் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் செய்ய வேண்டுமா?" என்பது. இதற்குப் பதிலாக அமெரிக்க ராணுவத்தின் ரேடியோ பேட்டரிகளைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். விஷயம் எளிதாகப் புரிந்துவிடும்.

ஒரே அளவு, நான்கு வகை

படைவீரர் முதுகில் சுமந்து செல்லும் சின்கார்ஸ் ரேடியோவில் செங்கல் போன்ற ஒரு பேட்டரி மாட்டப்படுகிறது. இதே அளவில், இதே இணைப்புடன் நான்கு வகைகள் வந்துள்ளன. பிஏ-5590 என்பது லித்தியம் சல்பர் டை ஆக்சைடு. பிபி-590 நிக்கல் காட்மியம். பிபி-390 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. பிபி-2590 லித்தியம் அயன்.

பிஏ என்று தொடங்கினால் ஒருமுறை பயன்படுத்தி எறிவது. பிபி என்றால் மீண்டும் சார்ஜ் செய்யலாம். பிஏ-5590க்குள் சல்பர் டை ஆக்சைடு வாயு அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. இதற்கு சார்ஜ் ஏற்ற முயன்றால் நச்சு வாயு வெளியேறலாம், வெடிக்கவும் கூடும். எனவே சார்ஜர் அருகே போகும் முன் லேபிளைப் படிப்பதுதான் முதல் பராமரிப்பு.

2003ல் ஈராக் போரின்போது இந்த எறியும் வகை பேட்டரிகளுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பேட்டரி இல்லாவிட்டால் ரேடியோ இல்லை. ரேடியோ இல்லாவிட்டால் உதவிக்கு அழைக்க வழியில்லை. சார்ஜ் செய்யும் வகையின் அருமை அப்போது நன்றாகத் தெரிந்தது.

விதிகள் ஏன் மாறுகின்றன?

"முழுவதும் தீர்த்துவிட்டு சார்ஜ் செய்" என்பது நிக்கல் காட்மியம் காலத்து விதி. அதை அவ்வப்போது தீர்க்காவிட்டால் திறன் குறைந்தது போல நடந்துகொள்ளும். லித்தியம் அயனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதை அடிக்கடி அடியோடு தீர்ப்பதுதான் கெடுதல். உங்கள் லேப்டாப்பில் இருப்பதும் லித்தியம் அயன் வகைதான். எனவே 20, 30 சதவீதம் இருக்கும்போதே தாராளமாக சார்ஜ் செய்யுங்கள்.

சேமித்து வைப்பதிலும் வேறுபாடு உண்டு. லித்தியம் அயனைப் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். ராணுவ வண்டிகளில் உள்ள லெட் ஆசிட் பேட்டரியையோ முழு சார்ஜில் வைக்க வேண்டும். குறைவாக வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து வீணாகும். உங்கள் யூபிஎஸ் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் லெட் ஆசிட்தான். வெளியூர் சென்று மாதக்கணக்கில் பூட்டி வைப்பதானால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது யாரையாவது சார்ஜ் செய்யச் சொல்லுங்கள்.

சார்ஜரைக் கவனியுங்கள்

பிபி-2590 தன் சார்ஜ் அளவு போன்ற தகவல்களை எஸ்எம்பஸ் என்ற இணைப்பு மூலம் தெரிவிக்கக்கூடியது. பல லேப்டாப் பேட்டரிகளும் இதே முறையில்தான் பேசுகின்றன. திரையில் நீங்கள் பார்க்கும் சதவீதம் இப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் சுவரில் செருகும் சாதாரண அடாப்டர்கள் பலவற்றுக்கு இந்த அறிவு கிடையாது. பின் பொருந்துகிறது என்பதற்காக மாட்டாதீர்கள். வோல்ட் அளவு ஒன்றாக இருக்கிறதா, ஆம்பியர் குறையாமல் இருக்கிறதா, பின்னின் பிளஸ் மைனஸ் சரியா என்று பாருங்கள்.

மேலும் சில குறிப்புகள்:

* பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியம் அயனுக்கு சார்ஜ் ஏற்றக்கூடாது. குளிரில் இருந்து வந்த பேட்டரியை அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகே சார்ஜரில் வைக்க வேண்டும். நம் ஊரில் எதிரி வெயில்தான். மூடிய காருக்குள் லேப்டாப்பை விடாதீர்கள்.

* இணைப்பு முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம்.

* உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, மீண்டும் சார்ஜ் செய்யவோ கூடாது. ராணுவமானாலும் வீடானாலும் அதை ஒதுக்கிவிடுவதே வழி. குப்பையில் போடாமல் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ ஒப்படையுங்கள்.

இன்றே உங்கள் லேப்டாப், யூபிஎஸ், கேமரா பேட்டரிகளின் லேபிளைப் படித்து, வகையை ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.