திரும்ப அழைக்கப்படாத கார்கள்

புதிய காரில் மூன்றாம் மாதமே ஓர் அதிர்வு தொடங்குகிறது. பணிமனைக்குக் கொண்டு சென்றால், "இந்த மாடலில் எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்று மேற்பார்வையாளர் சிரித்த முகத்துடன் அனுப்பி வைக்கிறார். உத்தரவாதக் காலம் முடிந்தபின் அதே அதிர்வுடன் சென்றால், "பாகம் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும்" என்று ஐந்து இலக்கத்தில் ஒரு மதிப்பீட்டுச் சீட்டை நீட்டுகிறார். முதலில் அது குறையே அல்ல. பின்னர் அது தேய்மானம். இடையில், உற்பத்திக் குறை என்று அது ஒரு நாள்கூட இருந்ததில்லை.

இந்நிலையில், ஒரு நிறுவனம் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்கிறது என்ற செய்தியைப் படிக்கும் உரிமையாளர், ஆவலுடன் தன் வாகனத்தின் அடிச்சட்ட எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்க்கிறார். 'உங்கள் வாகனம் இப்பட்டியலில் இல்லை' என்று பதில் வருகிறது. அவருடைய கோபம் நியாயமானது. ஆனால், திரும்ப அழைத்தல் எதற்காக ஏற்பட்டது என்பது தெரிந்தால்தான் அந்தக் கோபத்தை எங்கே செலுத்துவது என்பதும் தெரியும்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு இந்தியாவில் இதற்கெனச் சட்டம் கிடையாது. வாகன உற்பத்தியாளர் சங்கம் 2012-இல் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட நெறிமுறை மட்டுமே இருந்தது. புதிய பிரிவின்படி, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசு ஆணையிடலாம். உற்பத்தியாளர் முழு விலையைத் திருப்பித் தரவேண்டும், அல்லது வேறு வாகனம் தரவேண்டும், அல்லது பழுதை நீக்கித் தரவேண்டும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அபராதம் ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை. நிறுவனம் தானாக முன்வந்து அழைத்தால் அபராதம் இல்லை.

ஆனால், சட்டம் கூறும் 'குறை' வேறு, நாம் கூறும் குறை வேறு. சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் செல்லும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறையே இதில் அடங்கும். பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள் கசிவு, ஏர்பேக் போன்றவை உள்ளே. குளிர்சாதனம் குளிராதது, வண்ணப்பூச்சு உரிவது, கியர் மாற்றும்போது குலுங்குவது பெரும்பாலும் வெளியே. கியர் குலுங்கிய கார் நடுச்சாலையில் நின்று பின்னால் லாரி மோதினால் அது எந்த வகை என்று கேட்டால், விடை அந்தக் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பாதுகாப்புக் குறையாகவே இருந்தாலும் எல்லாக் கார்களும் அழைக்கப்படுவதில்லை. 2021 செப்டம்பரில் மாருதி சுசூகி 1,81,754 பெட்ரோல் கார்களைத் திரும்ப அழைத்தது. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரான சியாஸ், எர்டிகா உள்ளிட்ட ஐந்து மாடல்கள் அவை. மோட்டார் ஜெனரேட்டர் என்ற பாகத்தைச் சோதிப்பதற்காக. கார் தயாரிப்பாளர் பெரும்பாலான பாகங்களை வெளியிலிருந்தே வாங்குகிறார். பாகம் தயாரிப்பவர் ஒரு குறிப்பிட்ட காலத்தில் அனுப்பிய சரக்கில்தான் குறை என்றால், அந்தத் தேதிக்கு உட்பட்ட வண்டிகள் மட்டும் அழைக்கப்படுவது முறையே. அக்டோபர் 28-இல் தயாரான காரின் உரிமையாளர் தான் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஆனால், அந்த எல்லைக்கோட்டை வரைபவர் உற்பத்தியாளர். எந்த ஆதாரத்தின் பேரில் வரைந்தார் என்பது வாடிக்கையாளருக்குச் சொல்லப்படுவதில்லை.

அந்த அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. பாகம் மாற்றும் பணி நவம்பரில்தான் தொடங்கும். அதுவரை தண்ணீர் தேங்கிய சாலைகளில் ஓட்ட வேண்டாம் என்பது அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் கார் வைத்திருப்பவர் இந்த அறிவுரையை எவ்வாறு பின்பற்றியிருப்பார் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விடுகிறேன்.

பொருளியலில் இந்தச் சிக்கலுக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. 1970-இல் ஜார்ஜ் அகெர்லோஃப், பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே பழுதடைகிறது என்றார். மூன்று ஆய்விதழ்கள் நிராகரித்த அந்தக் கட்டுரைக்காக 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புதிய கார் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. உரிமையாளருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கார். உற்பத்தியாளருக்கோ, நாடு முழுவதும் உள்ள பணிமனைகளிலிருந்து எந்தப் பாகம் எத்தனை முறை மாற்றப்பட்டது என்ற கணக்கு தொடர்ந்து வந்து சேர்கிறது.

தெரிந்தும் சொல்லாமலிருக்க என்ன காரணம்? வகுப்பறையில் இதற்கு நாங்கள் வழக்கமாகக் கூறியது ஃபோர்டு பின்டோ கதை. ஒரு காருக்கு 11 டாலர் செலவழித்தால் தீ விபத்துகளைக் குறைக்கலாம். மொத்தச் செலவு 13.7 கோடி டாலர். காப்பாற்றப்படும் 180 உயிர்களை, உயிருக்கு 2 லட்சம் டாலர் என மதிப்பிட்டு, தீக்காயங்களையும் எரியும் வண்டிகளையும் சேர்த்தால் ஆதாயம் 4.95 கோடி டாலர்தான். ஆகவே, செலவு வீண் என்றது 1973-ஆம் ஆண்டின் அந்தக் குறிப்பு. நானும் பல ஆண்டுகள் இதை அப்படியே கற்பித்தேன். உண்மையில் அக்கணக்கு பின்டோவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் விற்கப்படும் கார், சிறு லாரி அனைத்துக்குமானது. கவிழும்போது ஏற்படும் எரிபொருள் கசிவைப் பற்றியது. அரசிடம் அளிப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது. உயிருக்கு 2 லட்சம் டாலர் என்ற விலையைத் தந்ததே அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்புதான். கதை இவ்வாறு திருத்தப்படும்போது நிறுவனத்தின் பழி சற்றுக் குறையலாம். நமது கவலை குறையவில்லை.

என்னை அதைவிட அதிகம் உறுத்துவது ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரம். ஓட்டத்தின் நடுவே சாவி தானாகவே திரும்பி என்ஜின் அணைந்துவிடும், ஏர்பேக்கும் விரியாது. 2006-ஆம் ஆண்டளவில் அந்தப் பாகம் திருத்தப்பட்டது. ஆனால், பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. பழையதற்கும் புதியதற்கும் ஒரே எண் என்பதால், பிற்காலத்தில் காரணம் தேடியவர்கள் குழம்பிப் போயினர். 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டது 2014-இல்தான். நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியமே ஏற்றுக்கொண்ட உயிரிழப்புகள் 124. மறுஆண்டு அந்நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் செலுத்தியது. நம் சட்டத்தின் ரூ.1 கோடியை இதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை லட்சம் கார்களில் ஒரு பாகத்தை மாற்ற, காருக்கு ரூ.2,000 என்று கொண்டாலும் ரூ.30 கோடி ஆகும். கணக்குத் தெரிந்த நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும்?

நம் விதிகளில் எனக்கு உடன்பாடில்லாத முதன்மையான அம்சம் அபராதத் தொகையன்று. புகார்களை எண்ணும் முறை. சோதனை நிறுவனம் மூலமாகவோ வேறு வழியிலோ தகவல் வந்தாலும் அரசு செயல்படலாம் என்று சட்டம் இடமளிக்கிறது. ஆயினும், ஆண்டு விற்பனைக்கு ஏற்பக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்கள் புகார் செய்திருக்க வேண்டும் என்பதே நடைமுறையின் அடித்தளமாக இருக்கிறது. தன் கார் மட்டும்தான் இப்படி என்று நம்பவைக்கப்பட்ட ஒருவர் ஏன் தில்லிக்குப் புகார் அனுப்பப் போகிறார்? பிரேக் பிடிக்காத பத்துப் பேர் போதாதா? அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர் விபத்துகளில் 271 பேர் இறந்தபின், 2000-இல் சட்டம் மாறியது. உத்தரவாதக் கோரிக்கைகள், விபத்துப் புகார்கள் பற்றிய தகவலை உற்பத்தியாளரே அரசுக்குத் தொடர்ந்து அளிக்க வேண்டும் என்றாயிற்று. அறிவிப்புக்கு முன்பே சொந்தச் செலவில் பழுது நீக்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதற்கும் அச்சட்டம் வழி செய்தது. இந்த இரண்டையும் இங்கும் கொண்டுவரலாம். கூடுதலாக ஒரு ரூபாய்கூட அரசுக்குச் செலவில்லை.

வயது வரம்பும் பொருத்தமாக இல்லை. நம் விதிகள் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். தனியார் காருக்குப் பதிவுச் சான்றோ பதினைந்து ஆண்டுகளுக்கு. டகாடா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை நினைவுகூரலாம். அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் ஆண்டுகள் செல்லச்செல்லச் சிதைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகளாக வெடித்தது. அதாவது, கார் பழையதாக ஆகத்தான் ஆபத்து கூடியது. நமது கடற்கரை நகரங்களின் தட்பவெப்பத்தை விளக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு சாராத குறைகளுக்கு நுகர்வோர் ஆணையமே வழி. கார் வாங்கியவர் கொடுத்த தொகை ரூ.50 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரை நேரடியாகவே பொறுப்பாக்குகிறது. இடர்ப்பாடு மெய்ப்பிப்பதில்தான். உற்பத்திக் குறை என்று நிறுவ நிபுணர் அறிக்கை வேண்டும். ஆய்வகக் கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரரே. அந்த அறிக்கை இல்லாதபோது அவரிடம் எஞ்சுவது பணிமனையின் வேலைச் சீட்டு ஒன்றுதான். அதிர்வு என்று நாம் சொன்னதை 'பொதுச் சோதனை' என்று அதில் எழுதிவிட்டால், அந்த வருகை நடந்ததற்கே சான்று இல்லாமற்போகிறது. சொன்ன குறையைச் சொன்ன சொல்லிலேயே எழுதச் செய்து, நகலும் வாங்கிய பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் கையாகக் கார் வாங்கியவரின் நிலை இன்னும் மோசம். திரும்ப அழைக்கும் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்கே சென்று சேர்கிறது. பெயர் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் செல்லும்போது வரி பாக்கியைப் பார்க்கிறார்கள், காப்பீட்டைப் பார்க்கிறார்கள். நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு ஏதேனும் அந்த எண்ணுக்கு உண்டா என்பதையும் அதே கணினியில் பார்த்துச் சொல்லலாமே.