கேம் கம்பெனியில் நம் பிள்ளைக்கு என்ன வேலை?

கமுந்திங்கில் ஒரு பிள்ளை வேலைக்குப் போகிறது என்றால் வீட்டாருக்குக் கேட்க வேண்டியது தெரியும். தொழிற்பேட்டையில் கையுறைத் தொழிற்சாலையா? எத்தனை மணி நேர ஷிப்ட்? ஓ.டி. உண்டா? கம்பெனி பஸ் வருமா? தோட்டத்துப் பெரட்டில் நின்று பழகிய தாத்தாவுக்குக்கூட இந்தக் கேள்விகள் விளங்கும். அதே பிள்ளை, "கோலாலம்பூர்ல ஒரு சின்ன கேம் ஸ்டுடியோல வேலை கிடைச்சிருக்கும்மா" என்று சொல்லட்டும். "விளையாடுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க?" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

விளையாடுவதும் உண்டுதான். ஆனால் ஒரே கதவை நூறு தடவை திறந்து, எந்தத் தடவை அது திறக்காமல் சிக்கிக்கொள்கிறது என்று குறித்து வைப்பதை யாரும் விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள்.

சின்ன ஸ்டுடியோ என்றால் ஐந்து பேர் முதல் இருபது பேர் வரை. புரோகிராமர், ஓவியர், அனிமேட்டர், லெவல் டிசைனர், ஒலி, சோதனை, விளம்பரம் என்று பெரிய கம்பெனியில் தனித்தனி இலாகாவாக இருப்பதெல்லாம் இந்த இருபது பேருக்குள் அடங்க வேண்டும். அதனால் புரோகிராமர் என்று வேலைக்குச் சேர்ந்தவர் காலையில் எதிரியின் நடையைத் திருத்துவார், மத்தியானம் மெனுவில் எழுத்து ஏன் சிதறுகிறது என்று பார்ப்பார், சாயங்காலம் டிரெய்லருக்கு வீடியோ பிடித்துக் கொடுப்பார்.

எழுத்துச் சிதறுவதைத் தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். சின்ன ஸ்டுடியோக்கள் அதிகம் பயன்படுத்தும் மென்பொருள் யூனிட்டி. அதில் எழுத்துகளைத் திரையில் காட்டும் வழக்கமான கருவிக்கு நெடுங்காலம் தமிழின் கொம்பு பிடிபடவில்லை. 'கெ' என்று தட்டினால் கணினி முதலில் ககரத்தையும் அடுத்துக் கொம்பையும் சேமிக்கும். திரைக்கு வரும்போது கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைக் கருவி செய்யாது; சேமித்த வரிசையிலேயே கொட்டிவிடும். 'கெட்டிச் சட்னி' என்று எழுதினால் கொம்பு ககரத்தைத் தாண்டிப் போய் டகரத்தின் தலைமாட்டில் நிற்கும். இதைச் சரிசெய்ய யாராவது ஒருவர் சில நாள் உட்கார வேண்டும். அந்த நாள்களில் அவருடைய மற்ற வேலைகளைச் செய்ய வேறு ஆள் கிடையாது.

மலேசிய ஸ்டுடியோக்களுக்கு வருமானம் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு உருவங்களும் காட்சிகளும் செய்து கொடுக்கும் ஒப்பந்த வேலை. 2006-இல் தொடங்கிய லெமன் ஸ்கை இப்படி வளர்ந்து இன்று பெரிய ஸ்டுடியோ ஆகிவிட்டது. பிளிசார்ட் கம்பெனியின் ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்ட், வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்ட் இரண்டிலும் அதன் ஓவியர்களின் உழைப்பு இருக்கிறது. இந்த வழியில் சம்பளம் ஓரளவு நிலையாக வரும். ஒரு சங்கடம், ரகசிய ஒப்பந்தம். இரண்டு வருடம் ராப்பகலாக என்ன செய்தீர்கள் என்பதை விளையாட்டு வெளிவரும்வரை பெற்ற தாயிடம்கூடக் காட்ட முடியாது. தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளை வேலையைப் பற்றி மழுப்பினால் சந்தேகப்படாதீர்கள்.

இரண்டாவது வழி, சொந்தமாக ஒரு விளையாட்டைச் செய்து விற்பது. ஜப்பானில் ஃபைனல் ஃபேன்டசி 15-இல் பணியாற்றிய வான் ஹஸ்மரும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் பணியாற்றிய டைம் ஜியாவுடினும் ஊர் திரும்பி மெட்ரோனோமிக் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். 2020 ஆகஸ்டில் அவர்களுடைய நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் என்ற விளையாட்டு வெளிவந்தது. பேஷன் ரிபப்ளிக் இரண்டு வழியிலும் கால் வைத்த ஸ்டுடியோ. பிறருக்கு ஓவிய வேலை செய்துவந்த அவர்கள், 2022 ஆகஸ்டில் கிகாபாஷ் என்ற ராட்சத மிருகச் சண்டையைக் கொண்டுவந்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே காட்ஸில்லாவும் அதற்குள் வந்து சேர்ந்தது.

சொந்த விளையாட்டுக்குச் சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்த வேலையின் சூடு இருக்கிறது. பப்ளிஷர் என்ற முதலீட்டாளர் மொத்தத் தொகையையும் ஒரே தடவையில் தரமாட்டார், தவணையாகத்தான் தருவார். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மைல்ஸ்டோன்: முதலில் பத்து நிமிடம் முழுமையாக ஆடக்கூடிய ஒரு துண்டு, பிறகு ஆல்ஃபா, அப்புறம் பீட்டா என்ற சோதனைப் பதிப்புகள். பில்டை, அதாவது அதுவரை செய்த விளையாட்டின் பிரதியை, அனுப்பி, பப்ளிஷர் ஆடிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகே பணம். அவர் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டால், முதலாளியின் கையில் சேமிப்பு இல்லாத ஸ்டுடியோவில் அந்த மாதச் சம்பளம் ஆட்டம் காணும். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய பில்டு வியாழன் ராத்திரி உடைந்தால் யாரும் வீட்டுக்குப் போகாததற்குக் காரணம் கலை ஆர்வம் மட்டும் என்று எண்ண வேண்டாம். இப்படி வாரக்கணக்கில் நீளும் வேலைக்கு இத்துறையில் கிரஞ்ச் என்று பெயர்.

விளையாட்டைச் செய்து முடித்தாகிவிட்டது, நன்றாகவும் இருக்கிறது என்றாலும் பிளேஸ்டேஷனிலோ நின்டெண்டோவிலோ உடனே விற்க முடியாது. அந்தக் கம்பெனிகளின் தேர்வில் தேற வேண்டும். ஆட்டத்தின் நடுவில் கன்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் தானாக நிற்கிறதா? பொத்தான்களின் பெயரும் படமும் அவர்கள் சொன்னபடி இருக்கின்றனவா? சேமிக்கும் நேரத்தில் கருவியை அணைத்துப் போட்டால் என்ன ஆகிறது? ஒன்றில் தவறினாலும் திருத்திவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். படைப்புக் கனவோடு வந்தவர்கள் மனம் வெறுத்துப்போவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். என்னைக் கேட்டால், ஒரு ஸ்டுடியோவின் தரத்தை இந்தக் கட்டத்தில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே எடை போடலாம்.

பிறகு விற்பனை. 2024-இல் மட்டும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 18,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வந்து குவிந்தன. அதில் ஒரு சின்ன ஸ்டுடியோவின் சரக்கு 40 ரிங்கிட்டுக்கு 10,000 பிரதி விற்றதாக வைத்துக்கொள்வோம். மோசமான விற்பனை என்று சொல்ல முடியாது. மொத்தம் 4,00,000 ரிங்கிட். கடைக்கு 30 விழுக்காடு போனால் மிஞ்சுவது 2,80,000. ஆறு பேர் இரண்டு வருடம் உழைத்திருந்தால் தலைக்கு மாதம் 1,944 ரிங்கிட் வருகிறது. வாடகை, கணினி, தள்ளுபடி விற்பனை, வரி, முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப், பப்ளிஷரின் பங்கு எதையும் இன்னும் கழிக்கவில்லை. 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட்.

இதற்கிடையில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவும் ஸ்டீமில் வழி உண்டு. வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் வாபஸ். இந்த விதியோடு வெண்பாவை வைத்துப் பாருங்கள். டொரோன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட தமிழ்க் குடும்பக் கதை அது. 1988-இல் கனடாவில் குடியேறிய வெண்பா, அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். ஆவி எல்லாக் குழிக்கும் போகிற மாதிரி இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். நம் வீட்டுப் பெண்கள் ஒரு நொடியில் அவிழ்த்துவிடுவார்கள். அடுத்த வருடம் லண்டனில் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலைமைப் பரிசும் அதற்குக் கிடைத்தன. ஆனால் கதை மொத்தமும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முழுக்க ஆடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. சின்ன, கச்சிதமான விளையாட்டு செய்கிற எல்லோரும் தலையில் சுமக்கிற ஆபத்து இது. ஊதிப் பெருக்கி மூன்று மணி நேரமாக்கலாம் என்ற ஆசையை அடக்குவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

வெளியிலிருந்து வரும் அடிகளும் உண்டு. 2023 செப்டம்பரில் யூனிட்டி கம்பெனி, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. பாதி கட்டிய வீட்டில் செங்கல்லுக்கு வாடகை கேட்டதுபோல் உலகம் முழுக்கச் சின்ன ஸ்டுடியோக்கள் கொதித்தன. ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டார்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி சுமார் 900 பேரையும் நீக்கின. அங்கே ஒரு திட்டம் நிறுத்தப்பட்டால் இங்கே ஒப்பந்த வேலைக்குக் காத்திருக்கும் ஸ்டுடியோவின் மேசை காலியாகிறது. நம் நாட்டிலும், 2025 ஜூலையில் உப்பின் & இப்பின் யூனிவர்ஸ் என்ற விளையாட்டு வெளிவந்தபோது விலையைப் பற்றி எழுந்த பேச்சோடு, அதை உருவாக்கியவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போனதா என்ற சர்ச்சையும் கிளம்பியது.

ஆகவே வேலை கிடைத்த பிள்ளையிடம் கேட்க வேண்டியது, தொழிற்சாலை வேலைக்குக் கேட்கும் அதே கேள்விகள்தான். சட்டமும் அதேதான். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. ஆனால் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவருக்கு ஓ.டி. பணம் கேட்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. அனுபவம் ஏறி 4,200 ரிங்கிட் சம்பளத்துக்கு உயர்ந்ததும் கிரஞ்ச் மாதத்தில் கையில் வருவது முன்பைவிடக் குறையக்கூடும், யோசித்துக்கொள்ளுங்கள். சம்பளம், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வந்தாக வேண்டும். இபிஎஃப் சந்தா அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். ஐ-அக்கவுன் செயலியைத் திறந்தால் கட்டினார்களா என்று தெரிந்துவிடும். சம்பளச் சீட்டில் பிடித்த தொகை அங்கே ஏறவில்லையென்றால் ஸ்டுடியோவில் பணத் தட்டுப்பாடு என்று அர்த்தம். இரண்டாவது மாதமும் ஏறவில்லையென்றால் வேறு இடம் பார்க்கத் தொடங்கலாம். 'ஃப்ரீலான்ஸ்' என்று ஒப்பந்தம் போட்டு, தினமும் அலுவலகத்துக்கு வரச் சொல்லி, இபிஎஃபும் சொக்சோவும் இல்லாமல் வேலை வாங்குகிற இடமும் இருக்கிறது. கையெழுத்துக்கு முன்பே அதைப் பார்த்துவிட வேண்டும்.

கமுந்திங்கிலேயே இருந்து இந்த வேலை செய்ய முடியுமா என்றால், பெருந்தொற்றுக்குப் பிறகு முடிகிறது. ஓவியருக்கும் புரோகிராமருக்கும் நல்ல கணினியும் அறுபடாத இணையமும் போதும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும் முதல் ஒரு வருடமாவது மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது நல்லது. ஸ்டுடியோக்களில் பெரும்பாலானவை கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன; தைப்பிங்கில் இடிஎஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். நேர்காணலில் சான்றிதழைவிட, முடித்துக் காட்டிய ஒரு சின்ன விளையாட்டு அதிகம் பேசும். ஐந்து நிமிட ஆட்டமானாலும் தொடக்கம், முடிவு, மெனு, ஒலியைக் குறைக்கும் பொத்தான் எல்லாம் இருக்க வேண்டும். பாதியில் விட்ட பத்து பிரம்மாண்டங்களை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

சம்பளம் குறைவு, ஆனால் லாபத்தில் பங்கு என்று சொல்கிற ஸ்டுடியோவும் உண்டு. பப்ளிஷர் தன் முதலை எடுத்த பிறகே லாபம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த முதல் எத்தனை ரிங்கிட் என்ற எண்ணையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.