பிரஷ் கழுவினால் சம்பளம் உண்டா?

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரம். 1488-ம் வருஷம், ஏப்ரல் 1-ம் தேதி. (ஏமாற்று வேலை இல்லை, நிஜமான அக்ரிமென்ட்!) லொடோவிகோ என்கிற அப்பா, தன் பதிமூன்று வயசுப் பையனை கிர்லாண்டாயோ என்கிற ஓவியரிடம் மூன்று வருஷத்துக்கு வேலை கற்றுக்கொள்ள ஒப்படைக்கிறார். அப்பாவுக்கு இதில் துளிக்கூட இஷ்டமில்லை. நல்ல குடும்பத்துப் பையன் சாயம் குழைப்பது கௌரவக் குறைச்சல் என்பது அவர் கட்சி. அடித்தும் பார்த்தாயிற்று, பையன் மசியவில்லை. எக்கேடோ கெட்டுப் போ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நம்ம ஊர் அப்பா மாதிரியே இல்லை?

இதில் விசேஷம் என்னவென்றால், வழக்கமாக மாணவன் வீட்டிலிருந்துதான் குருவுக்குப் பணம் போகும். இங்கே தலைகீழ். முதல் வருஷம் 6 ஃப்ளோரின், இரண்டாம் வருஷம் 8, மூன்றாம் வருஷம் 10. ஆக மொத்தம் 24 ஃப்ளோரினை குருதான் தரவேண்டும். ஸ்டைபண்ட், இன்கிரிமென்ட் சகிதம்! இந்தக் கணக்கை வசாரி என்பவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பையன் பெயர் மைக்கேலாஞ்சலோ.

ஐந்நூறு சொச்சம் வருஷம் கழித்து அதே விவகாரம் 'இன்டர்ன்ஷிப்' என்கிற புதுச் சட்டை போட்டுக்கொண்டு நம் வீட்டு வாசலில் நிற்கிறது. ப்ளஸ் ஒன் படிக்கிற பையனோ பெண்ணோ நன்றாக வரைகிறது. லீவில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து வேலை பழகவா என்று கேட்கிறது. வீட்டில் என்ன பதில்? 'முதல்ல மேத்ஸைப் பாரு!'

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு எதையும் வரவு செலவாகப் பார்த்துத்தான் பழக்கம். அப்படிப் பார்த்தாலும் இது நஷ்டக் கணக்கு இல்லை, சார். ப்ளஸ் டூ முடித்ததும் நாலு வருஷப் படிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். லட்சங்கள் புரளும் முடிவு. அதற்கு முன்னால் இருபது நாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவது ட்ரையல் பேலன்ஸ் போடுகிற மாதிரி. எங்கே இடிக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். 'எனக்கு இது வேண்டாம்ப்பா' என்று பிள்ளை திரும்பி வந்தால், அதுவும் லாபம்தான்.

மைக்கேலாஞ்சலோ விஷயத்திலும் அதுதான் நடந்தது. ஒப்பந்தம் என்னவோ மூன்று வருஷம். ஆனால், ஏறக்குறைய ஒரு வருஷத்திலேயே ஆசாமி கிளம்பிப் போய், மெடிசி பிரபுவின் சிற்பத் தோட்டத்தில் உளியைப் பிடித்துவிட்டார். தன்னைச் சிற்பி என்றுதான் சொல்லிக்கொண்டார். அதற்காக, ஓவியரிடம் இருந்த காலம் வீண் என்று எழுதிவிடாதீர்கள். ஈரச் சுண்ணாம்புச் சுவரில் படம் எழுதுகிற வேலையை கிர்லாண்டாயோ கூட்டம் அப்போது சர்ச்சில் செய்துகொண்டிருந்தது. அங்கே பார்த்த வித்தை, 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் தேவாலயத்தின் கூரையில் வேலை செய்தபோது கைகொடுத்தது. இருபது வருஷம் கழித்து மெச்சூர் ஆன டெபாசிட்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம சென்னையிலேயே இந்தப் பள்ளிக்கூடம் இருந்தது. போர்டு இல்லை, பீஸ் இல்லை. அதன் பெயர் பேனர் கம்பெனி.

மவுன்ட் ரோடில் நாம் அண்ணாந்து பார்த்த சினிமா பேனர்களுக்குப் பின்னால் அரை டிராயர் பையன்கள் இருந்தார்கள். முதல் உத்தியோகம் டீ வாங்கி வருவது. அடுத்த பிரமோஷன் பிரஷ் கழுவுவது. அப்புறம் சின்ன ஸ்டில் போட்டோ மேலே கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியில் பெரிதாகப் போட்டு, கோட்டை மாற்றி வரைவது. பிறகு பேக்ரவுண்ட், எழுத்து. ஹீரோ முகத்தை மட்டும் மாஸ்டர்தான் தொடுவார். அந்த முகம் தொடுகிற நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தானே, அதுதான் பாடம்! தொண்ணூறுகளின் கடைசியில் டிஜிட்டல் பிரிண்டிங் நுழைந்தது. ஃபிளெக்ஸ் வந்து துணியைச் சுருட்டிக்கொண்டு போனது. கூடவே அந்தப் பள்ளிக்கூடத்தையும்.

அந்தக் காலியிடத்தை நிரப்ப இன்று என்ன இருக்கிறது? 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையில், 6 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ளவர்கள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், குயவர், ஓவியர் மாதிரி உள்ளூர்க் கைத்தொழில்காரர்களிடம் போய்ப் பழகலாம் என்று ஒரு ஐடியா இருக்கிறது. 12-ம் வகுப்பு வரை லீவிலும் இப்படிச் செய்யலாம் என்கிறது. அந்தக் கொள்கையே நம் மாநிலத்தில் பெரிய அரசியல் சண்டை. அந்தச் சண்டை அது பாட்டுக்கு நடக்கட்டும். ஓவியரிடம் பிள்ளையை அனுப்ப யாருடைய கொள்கையும் தேவையில்லை, பஸ் சார்ஜ் போதும்.

ஆனால் உஷார்! இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் மூன்று சரக்கு விற்கிறார்கள்.

முதல் சரக்கு: நீங்கள் பணம் கட்டவேண்டும், கடைசியில் சர்ட்டிபிகேட் தருவார்கள். சந்தேகமே வேண்டாம், அது டியூஷன். நல்ல டியூஷனாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் டியூஷன் என்றே சொல்லிச் சேருங்கள்.

இரண்டாவது: பிள்ளை காலை பத்திலிருந்து ராத்திரி ஏழு வரை கம்பெனிக்கு போஸ்டர் டிசைன் செய்துகொண்டே இருக்கும். கஸ்டமரிடம் பில் போடுவார்கள். பிள்ளைக்கு? 'எக்ஸ்பீரியன்ஸ்'! இதற்குத் தமிழில் ஓசி வேலை என்று பெயர்.

மூன்றாவதுதான் அசல். எடுபிடி வேலையும் இருக்கும், கற்றுக்கொடுப்பதும் இருக்கும். பிரஷ் கழுவுவதில் தப்பே இல்லை. கழுவிக்கொண்டே மாஸ்டர் கையைப் பார்க்க விடுகிறார்களா என்பதுதான் கேள்வி.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் மாதிரி பெரிய இடங்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்களை இன்டர்ன்களாக எடுத்துக்கொண்டு பணமும் கொடுத்திருக்கின்றன. அங்கே முடிகிறது. இங்கே குறைந்தபட்சம் பஸ் சார்ஜும் மத்தியானச் சாப்பாடுமாவது கேட்கலாம். கேட்பது தப்பில்லை, கேட்காமல் இருப்பதுதான் தப்பு.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது, சினிமா, டி.வி.யில் நடிப்பது மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகள் கூடாது. (கிர்லாண்டாயோ இன்று இந்தியாவில் இருந்தால் கம்பி எண்ணியிருப்பார்!)

சரி, எங்கே போவது? சின்னப் பிள்ளைகளுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. கொஞ்சம் பெரியவர்கள் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் கைவினைக் கலைஞர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். சென்னை லலித்கலா அகாடமியில் ஓவியம், சிற்பம், பீங்கான் வேலைக்கு ஸ்டூடியோக்கள் உண்டு. ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் இருக்கிறது. எல்லா இடத்திலும் வாசலில் போர்டு மாட்டி வைத்துக் கூப்பிட மாட்டார்கள். நல்லதாக ஐந்து படம் எடுத்துக்கொண்டு போய், பதினைந்து நாள் கூட இருந்து பார்க்கலாமா என்று கேட்கவேண்டும். முடியாது என்றால் அடுத்த கதவு. உங்கள் தெருவிலேயே ஒரு சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட் மிச்சம் இருந்தால், அவர் கதவுதான் முதல் கதவு.

சோழமண்டலம் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், காரணம் அதில் காமர்ஸ் இருக்கிறது. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து அமைத்த கிராமம் அது. படம் விற்றால்தான் சாப்பாடு என்று உட்கார்ந்திருக்கவில்லை. பாடிக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, இஷ்டப்படி படம் வரைந்தார்கள். கலையும் கல்லாப்பெட்டியும் எதிரிகள் என்று சொல்கிறவர்களை அங்கே ஒரு ரவுண்டு கூட்டிப் போங்கள்.

பதினைந்து நாள் முடிந்து பிள்ளை திரும்பும்போது கையில் சர்ட்டிபிகேட் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு ஸ்கெட்ச் புத்தகம் நிறைந்திருக்கவேண்டும். ஐ.ஐ.டி.க்களில் டிசைன் படிக்க 2015 முதல் நடக்கும் யூசீட் தேர்வில் வரையச் சொல்கிறார்கள். அகமதாபாத் என்.ஐ.டி.யில் ஸ்டூடியோ டெஸ்ட் வைக்கிறார்கள். அங்கே சர்ட்டிபிகேட் பேசாது, கைதான் பேசும்.

கடைசியாக, ஆபீஸ் போகும் இளைஞர்களே, இதில் உங்களுக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. அக்கா பையன் சொன்னால் மாமா கேட்க மாட்டார். மாசச் சம்பளம் வாங்குகிற நீங்கள் சொன்னால் கேட்பார். ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அந்தப் பையனுடன் போங்கள். எத்தனை மணிக்கு விடுவார்கள், யார் கற்றுக்கொடுப்பார்கள், பெண் பிள்ளை என்றால் கூட யார் இருப்பார்கள், வரைந்த படத்தில் அதன் பெயர் போடுவார்களா... எல்லாவற்றையும் முகத்துக்கு நேராகக் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிரித்துக்கொண்டே பதில் சொன்னால், பிள்ளையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள். இன்றைக்கு டீ வாங்கி வருவது உங்கள் டர்ன்!