டிராகன்ஸ் வென்ற பருவம்: ‘3-2’ என்றால் என்ன?

ஆசிரியர்களே, மாணவர்களே, முதலில் ஒரு வாக்கியம். டெங்கிலில் என் படிவம் 5 மாணவர் ஒருவர் விளையாட்டுக் கட்டுரையில் எழுதியது: “2016-இல் மலேசியா சிங்கப்பூரைக் கூடைப்பந்தில் 3-2 புள்ளிகளில் வென்றது.”

படிக்க நல்லாத்தான் இருக்கு. வழக்கம்போல லீ சோங் வெய்யையே எழுதாமல் வேறு உதாரணம் தேடியதற்கே அவரைப் பாராட்டலாம். ஆனால் ஆண்டைத் தவிர மற்றதெல்லாம் சறுக்கிவிட்டது.

வென்றது நாட்டு அணி அல்ல, வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் என்னும் தொழில்முறைக் கிளப் அணி. பெயரில் உள்ள ‘வெஸ்ட்போர்ட்ஸ்’, நம்ம கிள்ளான் பக்கம் பூலாவ் இண்டாவில் இருக்கும் துறைமுக நிறுவனம். அதுதான் அப்போதைய ஆதரவாளர். தோற்றதும் சிங்கப்பூர் நாடு அல்ல, சிங்கப்பூர் சிலிங்கர்ஸ் என்ற கிளப். கிளப் அணியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் ஆடலாம். டிராகன்ஸின் அப்போதைய பயிற்றுநர் எரியல் வான்குவார்டியா பிலிப்பைன்ஸ்காரர். ரெஜி ஜான்சன், கால்வின் காட்ஃப்ரி இருவரும் அமெரிக்கர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் இவர்களோடு சேர்ந்துதான் ஆடினார்கள்.

அடுத்து அந்த ‘3-2’. கால்பந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கோல் கணக்கு மாதிரி தெரியும். கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்துக்கு 10 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் 3 புள்ளி, உள்ளே இருந்து என்றால் 2. அப்படியிருக்க, 40 நிமிடத்தில் மூணே புள்ளி எடுத்து யார் ஜெயிக்க முடியும்? இங்கே 3-2 என்பது ஆட்டங்களின் எண்ணிக்கை. இறுதிச்சுற்று ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடர். முதலில் மூன்றை வெல்பவருக்குக் கிண்ணம். இந்தத் தொடர் ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்தது. அது கோலாலம்பூர் மாபா அரங்கத்தில் நடந்தது. டிராகன்ஸ் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் வென்றது.

‘பருவம்’ என்ற சொல்லும் இதோடு சேர்ந்ததுதான். ஆசியான் கூடைப்பந்து லீக்கின் 2015/16 பருவம் 2015 அக்டோபரில் தொடங்கி 2016 மார்ச்சில் முடிந்தது. ஆறு அணிகள் மாதக்கணக்கில் மாறி மாறி மோதி, பட்டியலில் இடம்பிடித்து, பிறகுதான் அரையிறுதி, இறுதி. ‘ஒரே நாளில் சாதித்தார்கள்’ என்று எழுதினால் அந்த ஆறு மாத உழைப்பு காணாமல் போய்விடும். 2009-இல் லீக் ஆரம்பித்தபோதே டிராகன்ஸ் அதில் இருந்தது. 2014-இல் இறுதிவரை வந்து பேங்காக் அணியிடம் தோற்றது. முதல் கிண்ணம் ஆறாவது பருவத்தில்தான் கிடைத்தது. ‘விடாமுயற்சி’ தலைப்புக்கு இதைவிட என்ன வேணும்?

‘ஒற்றுமை’ தலைப்பு வந்தால் ஜேசன் பிரிக்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸ் வம்சாவளி அமெரிக்கர். கூடைப்பந்தில் புள்ளி போட்டவருக்கு மட்டுமல்ல, அந்தப் பந்தைச் சரியாக நீட்டிக் கொடுத்தவருக்கும் ஏட்டில் கணக்கு உண்டு. அதை ‘அசிஸ்ட்’ என்பார்கள். டிராகன்ஸுக்கு வருவதற்கு முன், அமெரிக்கப் பல்கலைக்கழக முதல்நிலைப் போட்டிகளில் அவர் 1,009 அசிஸ்ட் கொடுத்திருந்தார். ஆயிரத்தைத் தொட்ட நான்காவது ஆள் அவர்தான். அடுத்தவர் புள்ளி எடுக்கக் கைகொடுத்தே பெயர் வாங்கிய மனிதர்!

என் மாணவர் திருத்தி எழுதியது இது: “2015/16 ஆசியான் கூடைப்பந்து லீக் இறுதித் தொடரில் மலேசியா டிராகன்ஸ் அணி, சிங்கப்பூர் சிலிங்கர்ஸ் அணியை 3-2 ஆட்டக் கணக்கில் வென்றது.” கொஞ்சம் நீளம்தான், ஆனால் எங்கும் தப்பில்லை.

வகுப்பில் இதையும் கேட்டுப் பாருங்க. அதே சிலிங்கர்ஸ் 2019 இறுதித் தொடரில் இந்தோனேசியாவின் சி.எல்.எஸ். நைட்ஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. அதில் சிலிங்கர்ஸ் வென்ற ஆட்டங்கள் எத்தனை?