செல்போனுக்குள் ஒரு வம்சம்

முன்னோரைத் தேடித்தர ஆப்கள் வந்துவிட்டன. ஆனால் அவை கேட்கும் கேள்விகளுக்கு ஆலுவாவிலும் மட்டாஞ்சேரியிலும் பதில் சொல்வது அத்தனை சுலபமில்லை.

சிவராத்திரி இரவு கழிந்து பொழுது விடியும் நேரத்தில் ஆலுவா மணப்புறத்தில் நிற்க இடம் கிடைக்காது. பெரியாற்றின் அந்த மணல் திட்டில் பலி தர்ப்பணம் செய்யக் கேரளத்தின் பல மூலைகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வந்து குவிகிறார்கள். விரலில் தர்ப்பை, முன்னே வாழையிலை, அதில் எள்ளும் சோற்று உருண்டையும். சடங்கை நடத்திவைப்பவர் நினைக்கச் சொல்வது இரண்டே விஷயம்: இறந்தவரின் பெயர், நட்சத்திரம். அப்பாவுடையது சட்டென்று நினைவுக்கு வருகிறது. தாத்தாவுடையது கொஞ்சம் யோசித்தபின். அதற்கும் மேலே போனால் பலருக்கும் முழிதான். ஈரத் துண்டோடு நின்றபடியே ஊரிலிருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போடவேண்டியதுதான்.

இந்தத் தவிப்புக்கு மருந்தாக வந்திருப்பவைதான் வம்சாவளி ஆப்கள். பெயர்களை ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். பாட்டனும் பூட்டியும் சட்டைப் பைக்குள் வந்துவிடுவார்கள். ரயிலில் போகும்போது புதுப் பெயரைச் சேர்க்கலாம், கல்லறையின் படத்தை எடுத்து அந்த இடத்திலேயே ஒட்டலாம், துபாயிலிருக்கும் சித்தி மகன் அதை அடுத்த நிமிடம் பார்க்கலாம். மைஹெரிட்டேஜ், ஆன்செஸ்ட்ரி, ஃபேமிலிசர்ச் ஆகியவை இதில் பெரிய பெயர்கள். முதல் இரண்டும் வியாபாரம். இலவசமாகச் சேர்ந்து காலப்போக்கில் சந்தா கட்டச் சொல்லும் ரகம். மூன்றாவது முழுக்க இலவசம்.

அது ஏன் இலவசம் என்பது சுவாரஸ்யமான கதை. ஃபேமிலிசர்ச்சை நடத்துவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபை. அதற்காக 1894-ல் ஒரு சங்கத்தையே தொடங்கி, 1938 முதல் உலகெங்கும் உள்ள பிறப்பு, திருமண, மரணப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, ஒரு கருங்கல் மலையைக் குடைந்து அதற்குள் பத்திரப்படுத்தினார்கள். சுமார் 24 லட்சம் சுருள்கள். அவற்றை டிஜிட்டலாக்கும் வேலை 2021-ல் முடிந்தது. இத்தனை உழைப்புக்கும் காரணம் மத நம்பிக்கை. இறந்துபோன முன்னோருக்காக உயிரோடிருப்பவர் பதிலாளாக நின்று ஞானஸ்நானம் பெறலாம் என்கிறது அந்தச் சபை. அதற்குப் பெயர் தெரியவேண்டும். மணப்புறத்தில் எள்ளும் நீரும் இறைப்பவருக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. (ஹிட்லரின் முகாம்களில் இறந்த யூதர்களுக்கும் இப்படி ஞானஸ்நானம் நடந்ததாகத் தெரிந்து யூதர்கள் கொதித்தார்கள். 1995-ல் ஓர் ஒப்பந்தம் போடவேண்டி வந்தது.)

இந்தியாவிலிருந்தும் இந்தச் சேகரிப்பில் நிறைய இருக்கிறது. ஹரித்துவார் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் நீள நோட்டுகள் அதில் பிரசித்தம். கங்கையில் அஸ்தி கரைக்க வந்தவரின் ஊர், ஜாதி, அப்பன், பாட்டன் எல்லாம் அதில் உண்டு. ஆனால் மலையாளக் கரையில் பண்டா நோட்டு இல்லை. இங்கே கணக்கு வேறு மாதிரி.

எத்தனை ராம வர்மாக்கள்?

ஆப்பின் முதல் கட்டம் பெயர். இரண்டாவது கட்டம் குடும்பப் பெயர். தமிழ்க் குடும்பம் இங்கேயே தடுக்கி விழுகிறது. கே. சுப்பிரமணியனின் மகன் எஸ். ராமன், அவர் மகன் ஆர். கணேசன். மூன்று தலைமுறை, மூன்று இனிஷியல். எழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறினால்தான் நமக்கு அது வம்சம். யந்திரத்துக்கோ மூவரும் மூன்று குடும்பம். கல்யாணமான பெண்ணுக்கு அப்பாவின் எழுத்து போய்க் கணவரின் எழுத்து வந்துவிட்டால் அவர் நான்காவது குடும்பம். ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மரத்தைக் கொண்டுபோக உதவும் கெட்காம் என்ற கோப்பு முறையை உருவாக்கியதும் மார்மன் சபைதான், 1984-ல். அதில் குடும்பப் பெயரைத் தனியே பிரித்துக் காட்ட இரண்டு பக்கமும் சாய்கோடு போடுவார்கள். நம் பெயர்களில் அந்தக் கோட்டை எங்கே போடுவது?

மருமக்கத்தாயக் குடும்பங்களின் பாடு இன்னும் திண்டாட்டம். நாயர் தரவாட்டில் உச்சியில் இருப்பவர் ஒரு மூதாட்டி. நிர்வாகம் அவருடைய சகோதரன் அல்லது மகன் கையில். சொத்து போவது மருமக்களுக்கு. அப்பா என்பவர் வேறொரு தரவாட்டுக்காரர். கொச்சி ராஜ்யத்தில் 1938-ல் வந்த நாயர் சட்டத்தைத் தொடர்ந்து தரவாடுகள் பாகம் பிரிந்தபோது எழுதப்பட்ட பத்திரங்கள் இன்றும் பல வீட்டு அலமாரிகளில் உண்டு. தாய்வழிக் கிளை கிளையாக, கைக்குழந்தை உட்பட, உறுப்பினர் ஒவ்வொருவரையும் வரிசைப்படுத்தும் பட்டியல் அது. இதைவிட நல்ல குடும்ப மரம் கிடைக்காது. ஆனால் அதில் அப்பன்மாருக்கு இடமில்லை. ஆப்போ அப்பாவைத்தான் முதலில் கேட்கிறது. 1976 டிசம்பர் 1-ல் கேரளம் கூட்டுக்குடும்ப முறையையே சட்டப்படி ஒழித்துவிட்டது. அதன்பின் பிறந்த பிள்ளைகளுக்கு மரத்தின் இந்த வடிவமே புதிராக இருக்கிறது.

ராஜகுடும்பத்தை எடுத்துக்கொண்டால் தலை சுற்றும். கொச்சி அரச வம்சத்தில் ஒரு தாய்க்குப் பிறக்கும் முதல் மகன் ராம வர்மா, இரண்டாமவர் கேரள வர்மா, மூன்றாமவர் ரவி வர்மா. விதி அப்படி. கிளைகள் பல, தாய்மார்கள் பலர் என்பதால் எந்தக் காலத்திலும் ராம வர்மாக்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஒரே பெயர், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வயது. இப்படி இரண்டு பேரைக் கண்டால் ஆப் உடனே 'இருவரும் ஒருவரா, இணைத்துவிடலாமா?' என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று தட்டினால் ஒரு கிளையே காலி.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. மகாராஜாக்களை அவர்கள் இறந்த இடத்தையோ மாதத்தையோ வைத்து அடையாளம் சொன்னார்கள். 1914 முதல் 1932 வரை ஆண்டவர் மதராசில் 'தீப்பெட்ட' தம்புரான். ராஜாக்கள் இறப்பதில்லை, தீப்பெடுவார்கள். அடுத்து 1941 வரை ஆண்டவர் சொவ்வரையில் தீப்பெட்டவர். இந்தச் சொவ்வரை ஆலுவாவுக்குப் பக்கத்து ஊர். 1914-ல் தானாகவே முடியைத் துறந்தவருக்கு 'ஒழிஞ்ஞ வலிய தம்புரான்' என்று பெயர். எந்த சாஃப்ட்வேரும் இவ்வளவு சிக்கனமாக ஆளை அடையாளம் காட்டியதில்லை.

தேதி இன்னொரு தலைவலி. பழைய காகிதங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு. அதோடு 825-ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும் என்பது தோராயக் கணக்கு. ஆவணி வாக்கில் ஆண்டு பிறப்பதால் தை முதல் ஆடி வரையிலான மாதங்களில் அது கிறிஸ்து ஆண்டோடு பொருந்தும். ஆவணியிலிருந்து மார்கழி வரையில் ஒன்று கூடிவிடும், 824-ஐத்தான் கூட்டவேண்டும். பாட்டிமார்கள் ஆண்டே சொல்லமாட்டார்கள். 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளத்தன்று நான் கைக்குழந்தை' என்பார்கள். கொல்லம் 1099-ல், அதாவது 1924 ஜூலையில், பெரியாறு ஊரையே விழுங்கியது. அதைத்தான் சொல்கிறார்கள். திதி கொடுக்க வேண்டியவருக்குத் தேவை நட்சத்திரம். தமிழ்ப் பிராமணருக்கென்றால் திதியும் பட்சமும். இந்தக் கட்டங்கள் ஆப்பில் இல்லவே இல்லை. 'குறிப்பு' என்ற மூலையில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வம்சம் என்ற ஆயுதம்

ஆலுவாவில் மெட்ரோ ஏறிக் கொச்சிக்கு வந்து, காயலைக் கடந்து மட்டாஞ்சேரிக்குப் போனால் வம்சாவளியின் இன்னொரு முகம் தெரிகிறது. 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதக் கோயில் இங்கேதான் இருக்கிறது. இஸ்ரேல் உருவான காலத்தில் கேரளத்தில் சுமார் 2,500 யூதர்கள் இருந்தார்கள். 1950-களில் பெரும்பாலானவர்கள் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களில் கைவேலைத் துணிகள் விற்ற சாரா கோஹன் 2019-ல் தம் 96-வது வயதில் காலமானார். குயீனி ஹலேகுவா 2024-ல் 89-வது வயதில் மறைந்தார். குடும்பக் கதைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாசல் ஏறக்குறைய மூடிவிட்டது. இன்று அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இஸ்ரேலிலிருந்து வந்து, செல்போனில் மரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, யூதத் தெருவின் வீட்டுக் கதவுகளைப் பார்க்கலாம். கதவுக்குப் பின்னால் பதில் சொல்லும் ஆள் அநேகமாக இருக்கமாட்டார்.

ஆனால் இதே தெருவில் ஒரு காலத்தில் வம்சம் அந்தரங்க ஆசையாக இருக்கவில்லை. கோயிலில் எங்கே உட்காரலாம், யாரை மணக்கலாம் என்பதை அதுதான் தீர்மானித்தது. பரதேசி யூதர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியினருக்குக் கோயிலுக்குள் சம உரிமை கிடையாது. அந்த வழியில் வந்த வக்கீல் ஏ.பி. சேலம் (1882-1967) காந்தி பாணியில் சத்தியாக்கிரகம் செய்து அந்தச் சுவரை இடித்தார். 'யூத காந்தி' என்ற பெயர் அப்படி வந்தது. 1950-ல் அவருடைய மகன் 'வெள்ளை' யூதக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது சமூகமே அதிர்ந்தது. அதே அடிமை வம்சத்தில் பிறந்த ரூபி டேனியல், பாட்டியிடம் கேட்ட கதைகளையெல்லாம் சேர்த்து 'ரூபி ஆஃப் கொச்சின்' என்ற நூலாக 1995-ல் தந்தார். எந்தப் பதிவேடும் காப்பாற்றாத பெயர்கள் அதில் பிழைத்தன.

பதிவேடுகள் என்னவோ இருக்கத்தான் செய்கின்றன. ஃபோர்ட் கொச்சியின் செயின்ட் பிரான்சிஸ் தேவாலயத்தில் 1751 முதல் 1804 வரையிலான டச்சு ஞானஸ்நான, திருமணப் பதிவேடு பாதுகாக்கப்படுகிறது. 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்கள் எழுதிக் குவித்த மற்ற காகிதங்கள் கொச்சியில் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் மதராசுக்குப் போய், இன்று சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்த ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. ஆலுவா பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பார்க்கலாம். டச்சு தெரிந்து, அந்தக் கையெழுத்தும் புரிந்தால் படிக்கவும் செய்யலாம்.

அந்தக் கட்டுகளில் அடிமை விற்பனைப் பத்திரங்களும் இருக்கின்றன. விற்றவர் யார், வாங்கியவர் யார், விற்கப்பட்டவரின் பெயர், வயது, ஜாதி. ஒரு குடும்பத்தின் மூதாதை பதிவேட்டில் தென்படும் ஒரே இடம் இந்த ரசீதாக இருக்கலாம். ஃபோர்ட் கொச்சி வேளியில் 1976-ல் கட்டிக்கொடுத்த சலவைக் கூடத்தில் இன்றும் துவைக்கிற தமிழ் வண்ணார் குடும்பங்களை நினைத்துப் பார்க்கலாம். டச்சுச் சிப்பாய்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. ஆப் கேட்கும் 'பிறந்த ஊர்' கட்டத்தில் எதைப் போடுவது? ராஜாவுக்கு வம்சாவளி எழுத ஆளிருந்தது. சலவைக்காரருக்கு இருக்கவில்லை. செல்போன் இரண்டு பேரிடமும் இருக்கிறது என்பதால் கணக்கு நேராகிவிடாது.

பெட்டியில் இருந்த காகிதம்

இதெல்லாம் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தவர்களை 2025 நவம்பர் எழுப்பி உட்கார வைத்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, முந்தைய திருத்தப் பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர், தாத்தா பாட்டி பெயரையோ காட்டச் சொன்னார்கள். கேரளத்தில் 2002-ன் பட்டியல். தமிழ்நாட்டில் இடத்தைப் பொறுத்து 2002 அல்லது 2005. வீட்டுக்கு வீடு செல்போனில் பழைய பட்டியலைத் துழாவினார்கள். வெளியூரில் வாக்கப்பட்ட பெண்கள் பிறந்த வீட்டு வாக்குச்சாவடியைத் தேடினார்கள். இருபது வருஷம் முன்னால் தாத்தாவின் பெயரை எழுத்தர் எப்படி எழுதினாரோ, அதுதான் அன்று வம்சம்.

ஆலுவாக்காரர்களுக்குக் காகிதத்தின் அருமை அதற்கு முன்பே தெரியும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாறு வீடுகளுக்குள் நுழைந்தபோது பத்திரம், ஜாதகம், கல்யாண ஆல்பம் எல்லாம் ஒன்றாகக் கூழாயின. அரசாங்கச் சான்றிதழ்களுக்கு அதாலத்து நடத்தி நகல் கொடுத்தார்கள். பாட்டி கைப்பட எழுதிவைத்த நட்சத்திரப் பட்டியலுக்கு எந்த அலுவலகம் நகல் கொடுக்கும்? அந்த ஒரு காரணத்துக்காகவே, இருப்பதையெல்லாம் செல்போனில் படமெடுத்து இரண்டு மூன்று இடத்தில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆனால் எதை ஏற்றுவது என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஃபேமிலிசர்ச்சில் இருப்பது உலகத்துக்கே பொதுவான ஒரே மரம். இறந்தவர்களின் விவரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உயிரோடிருப்பவர்களை அது மறைத்து வைக்கிறது. எல்லா ஆப்பும் அப்படியில்லை. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த தேதி என்று வங்கிகள் ரகசியக் கேள்வியாகக் கேட்பதையே நாம் மரத்தில் பூவாகத் தொங்கவிடுகிறோம். எச்சிலை வாங்கி வம்சம் சொல்லும் அமெரிக்காவின் 23 அண்ட் மீ கம்பெனியிடமிருந்து 2023-ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் களவுபோயின. 2025 மார்ச்சில் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. ஜாதிக் கட்டம் இருக்கும் உள்ளூர் ஆப்கள் விஷயத்திலும் யோசிக்க வேண்டியதிருக்கிறது. ஆலுவாவில் 1913-ல் அத்வைத ஆசிரமம் நிறுவிய நாராயண குரு, ஜாதியைக் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம் என்றவர். அந்த ஆசிரமத்தின் கரையிலும் சிவராத்திரியன்று பலி தர்ப்பணம் உண்டு.

ஆப்பை நிறுவுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தச் செல்போனிலேயே உள்ள ஒலிப்பதிவு பட்டன் போதும். வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பின், அவருடைய அம்மாவின் அம்மா பெயரைக் கேட்டுப் பார்க்கலாம். எந்த வெள்ளத்துக்கு முன், எந்த ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தார், என்ன நட்சத்திரம் என்று அவர் தொடங்குவார். கட்டங்களை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.